அமைச்சரின் படமும் அப்பாவின் கேள்வியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சென்ற விடுமுறையில் நம் கல்லூரி நூலகத்திலிருந்து ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றிய நூலொன்றை வீட்டிற்கு எடுத்துச் சென்றிருந்தேன். என் தந்தை வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். பக்கங்களைப் புரட்டி வந்தவர் ஒரு படத்தில் நின்றார். வழுக்கைத் தலை, வெண்தாடி, மூக்குக் கண்ணாடி.

“நல்ல கைடா, தம்பி. யாரு இவரு?”

“ஸ்பெயின் நாட்டு மந்திரியா இருந்தவருப்பா.”

“மந்திரி, சரி. என்ன செஞ்சாரு?”

எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் வாய்மூடி நின்றேன். அந்த வெட்கமே என்னைத் தேட வைத்தது.

அந்த முதியவர் ஹொசே எச்செகராய். மாட்ரிட்டில் 1832இல் பிறந்தவர். பொறியியல் படித்துக் கணிதம் கற்பித்தவர். 1866இல் அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது, உலகக் கணித வரலாற்றில் தம் நாட்டிற்கு இடமே இல்லை என்று துணிந்து பேசிப் பெரும் பூசலைக் கிளப்பினார். காலுவாவின் கோட்பாட்டைத் தம் நாட்டினருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. 1868ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அரசியலுக்கு வந்து அமைச்சரானார். நாடகங்களும் எழுதினார், 1904இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசை மிஸ்திரால் என்ற கவிஞருடன் பகிர்ந்துகொண்டார்.

நிதியமைச்சராக அவர் செய்த பெரிய காரியம் 1874 மார்ச்சில் நடந்தது. வடக்கே கார்லிஸ்ட் போர், கியூபாவிலே கிளர்ச்சி, கஜானாவோ காலி. அரசுக்குக் கடன் தருவதற்கு ஈடாக, நோட்டு அச்சிடும் உரிமை முழுவதையும் ஸ்பெயின் வங்கிக்கே அளித்து ஆணையிட்டார். அதுவரை தாமே நோட்டு வெளியிட்டு வந்த மாகாண வங்கிகள் ஒன்று அதன் கிளையாக வேண்டும், அல்லது அந்த உரிமையை இழக்க வேண்டும். நாட்டிற்கு ஒரே நோட்டு கிடைத்தது நன்மைதான். ஆனால் அந்த நன்மை போர்ச் செலவுக்குக் கைநீட்டியபோது பிறந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1905இல் ஹோவாக்கின் சொரோயா அவரைத் தைல வர்ணத்தில் தீட்டினார். அப்படம் அந்த வங்கியின் சேகரிப்பிலேயே இருக்கிறது. அதே வங்கி 1971ஆம் ஆண்டு ஆயிரம் பெசெத்தா நோட்டிலும் அவர் முகத்தை அச்சிட்டது. ஆனால் படம் தீட்டப்பட்ட அதே 1905இல், அவருக்கு நாடே விழா எடுக்கக் கூடாதென்று உனாமுனோ, அசோரின் போன்ற எழுத்தாளர்கள் கையொப்பமிட்டு எதிர்த்தனர். படத்தில் அதற்கு இடமுண்டா? போரும் கடனும்தான் அதில் தெரிகின்றனவா?

இந்த ஓவியரின் கதையையும் சொல்லியாக வேண்டும். சொரோயா இரண்டு வயதிலேயே பெற்றோரைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். பூட்டுத் தொழில் செய்த உறவினர் வீட்டில் வளர்ந்தவர். 1899இல் அவர் வேறொரு பெரிய ஓவியம் தீட்டினார். வலென்சியாக் கடற்கரையில் ஊன்றுகோல் பிடித்துக் குளிக்க வரும் ஊனமுற்ற சிறுவர்கள், அவர்களைத் தாங்கி நிற்கும் ஒரு துறவி! 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அது பெரும் பரிசு பெற்றது. தூரிகை ஒன்றே. அமைச்சருக்குப் பெயர் இருக்கிறது. அந்தச் சிறுவர்களுக்குப் பெயரே இல்லை.

அப்படியானால் பதவியிலிருந்தோரின் படங்களே வேண்டாமா? ஸ்பெயினிலேயே இந்த வாதம் உண்டு. 2004 முதல் 2008 வரை நாடாளுமன்ற அவைத்தலைவராக இருந்த மனுவேல் மரீன், ஓவியத்திற்குப் பதிலாக கிறிஸ்தினா கார்சியா ரொதேரோ எடுத்த புகைப்படத்தையே வைக்கச் செய்தார். வரவேற்கத்தக்கதுதான். ஆயினும் என் கருத்து வேறு. குறை தைலத்திலும் இல்லை, திரைச்சீலையிலும் இல்லை. பதவியை மட்டும் எழுதிவிட்டுச் செய்கையை எழுதாமல் விடுவதே குறை. பொதுப் பணத்தில் ஒரு முகம் சுவரேறுமானால், அவர் இட்ட ஆணை எது, அதனால் வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று அதன் கீழே நான்கு வரி எழுத வேண்டும். எச்செகராய் அதற்கு அஞ்ச வேண்டியவர் அல்லர். வெறும் பதவிப் பெயரால் மட்டும் சுவரேறியவர்கள் அஞ்சட்டும்!

அடுத்த விடுமுறையில் இவற்றையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “இதை அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதி வெச்சிருக்கலாமே” என்றார்.

தோழர்களே! நாமும் ஒருநாள் கறுப்பு அங்கி அணிந்து, பட்டச் சுருளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வோம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியின் படம் அதுவாகத்தான் இருக்கும். அது மாட்டப்போகும் சுவருக்கு வர்ணம் அடிப்பவரும் என் தந்தைதான். அப்போதும் அவர் கேட்பார்: “பட்டம், சரி. என்ன செய்யப் போறே?”

அதற்குரிய விடையை இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறேன்.