எல்லோருக்கும் ஏழு போட வேண்டாம்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். ஆரம்பித்தவன் நான்தான். அதனால் என் கட்சியை இங்கே எழுதிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சங்க அறையின் ஓடுகள் பறந்தன. பீரோவில் இருந்த ஃபைல்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். வேலை தொடங்கியது இப்போதுதான். நம் வேகம் அப்படி!

லைசென்ஸ் செலவு இல்லாத லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று கிடைத்தது. உதவிக்கு வந்த கல்லூரித் தம்பி உறுப்பினருக்கு ஒன்றாக டைரக்டரி போட்டுத் தருவதாகச் சொன்னார். டைரக்டரி என்றதும் நமக்கு டெலிபோன் புத்தகம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. பீரோவுக்குள் இருக்கும் தட்டு மாதிரி, ஃபைல்களை வைக்கும் இடம்.

"எல்லாத்துக்கும் 777 போட்டுடறேன் சார், அப்பதான் தொந்தரவு இருக்காது" என்றார் தம்பி. "நமக்குள்ள என்ன சார் ரகசியம்?" என்று ஒத்து ஊதினார் ஒரு நண்பர்.

அந்த மூன்று ஏழுகளின் பொருள் இதுதான். யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. லினக்ஸ் அதன் வழியில் 1991-ல் வந்தது. இரண்டிலும் ஒவ்வொரு டைரக்டரிக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். பார்க்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக 777 என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சேர்க்கலாம், அழிக்கலாம். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவது போல.

எனக்கு அந்த எண்ணைக் கண்டாலே பயம். காரணம் உண்டு. 1990-களின் கடைசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் யூனிக்ஸ் கணினிக்கு நான்தான் பொறுப்பு. நூற்றுக்கணக்கில் டைரக்டரிகள் உருவாக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தால் கணினி தானே செய்துகொண்டு போகும். அதில் இடத்தின் பெயரைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்து தவறிவிட்டது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகி, வெறும் சாய்கோடு மட்டும் மிஞ்சியது. யூனிக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் மொத்தக் கணினியின் ஆணிவேர். நானோ சர்வ அதிகாரமுள்ள ரூட் பயனராக உட்கார்ந்து, 777 போடச் சொல்லியிருந்தேன். சில நிமிடங்களில் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. சில கட்டளைகளுக்கு இருந்த சிறப்பு உரிமை போனதால் மறுநாள் ஒருவராலும் பாஸ்வேர்டு மாற்ற முடியவில்லை. நாடாவிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ஒரு வாரம் ஆனது. பழி முழுதும் என்னுடையது.

சரி, அதற்காக இறுக்கிப் பூட்டிவிடலாமா? அதுவும் தப்பு. சிதம்பரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூவர் கையடையாளம் இட்ட அறைக்குள் தேவார ஏடுகள் கிடந்தன என்பது திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். நம் மாவட்டத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி துணையிருக்க, மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கிடைத்தது மிச்சம்தான். கறையான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அதனால்தான் கூட்டத்தில் சொன்னேன்: யாருக்கு வேலை இருக்கிறதோ அவர்களுக்குத் திறக்கட்டும். செயலாளர், பொருளாளர், ஸ்கேன் செய்யும் தம்பி, இந்த மூவரும் ஒரு குழு. டைரக்டரிக்கு 2770. நடுவில் இரண்டு ஏழும் கடைசியில் சைபரும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். முன்னால் உள்ள 2 எதற்கென்றால், உள்ளே யார் புது ஃபைல் போட்டாலும் அது குழுவின் பெயரிலேயே நிற்கும். நாளை செயலாளர் மாறினால் குழுவில் ஆளை மாற்றினால் போதும். பூட்டை உடைக்க வேண்டாம்.

தம்பிக்கு இரண்டு எச்சரிக்கையும் சொன்னேன். இடத்தின் பெயர் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். உறுப்பினர் எண், அதற்குள் வருடம் என்று அடுக்கடுக்காக ஒரே கட்டளையில் உருவாக்கும்போது, அதிலேயே கொடுக்கும் அனுமதி எண் கடைசி டைரக்டரிக்கு மட்டும்தான் பொருந்தும். நடுவில் உள்ளவை கணினியின் வழக்கப்படி திறந்தே கிடக்கலாம். அவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். தம்பி அதைக் குறித்துக்கொண்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த எண்கள் வாசல் கதவு மட்டும்தான், இரும்புப் பெட்டி அல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் படித்துவிடலாம். அதனால் அறைக்கு நல்ல பூட்டும், வேறொரு வீட்டில் இன்னொரு பிரதியும் வேண்டும்.

"நமக்குள்ள என்ன ரகசியம்" என்ற நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். ஒவ்வொரு ஃபைலிலும் பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு, ஆதார் நகல் இருக்கிறது. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கிற நேரம் பார்த்து, "பென்ஷன் நின்றுவிடும்" என்று மிரட்டிப் போன் வருகிறது. உங்கள் வீட்டம்மா மட்டும் இருக்கும்போது, உங்கள் கணக்கு எண்ணையே சரியாகச் சொல்லி ஒருவன் பேசினால் நம்ப மாட்டார்களா? அவர் பதில் சொல்லவில்லை. தீர்மானத்துக்குக் கை தூக்கினார்.

தம்பி மூன்று முறை சோதித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினார். அச்சடித்த ஒரு தாளைப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம், யார் யாருக்கு எந்த அனுமதி என்று. நாங்கள் இல்லாத காலத்திலும் யாராவது திறக்க வேண்டுமே.

உங்கள் வீட்டிலும் பாலிசி, பத்திரம், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று உங்களைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரியுமா? இன்றைக்கே சொல்லி வையுங்கள்.