பெட்டிக்குள் வந்த சைக்கிள்



கடந்த ஆனி மாதம் ஒரு நாள் இரவு நோர்வேயிலிருந்து என் மச்சாள் ரெலிபோன் எடுத்தா. தானும் பதினைந்து வயது மகளும் ஆடி விடுமுறைக்கு நீர்வேலிக்கு வருவதாகச் சொன்னா. அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். "கட்டுநாயக்காவுக்கு வான் பிடிச்சு அனுப்பட்டோ பிள்ளை?" என்று கேட்டா. "வேண்டாம் மாமி, நாங்கள் சைக்கிளிலை வாறம்" என்று பதில் வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டா.

விஷயம் இதுதான். அவர்கள் தங்களுடைய இரண்டு சைக்கிளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டுநாயக்காவில் பூட்டி, அங்கிருந்தே ஓடத் தொடங்குவதாகத் திட்டம். ஐரோப்பாவில் இப்படி விடுமுறை கழிப்பவர்கள் பலர் இருக்கிறார்களாம். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நாங்கள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஓடிய சைக்கிளை இவர்கள் காசு கொடுத்துப் பறக்கவிட்டு ஓடுகிறார்களே என்று நினைத்தேன்.

இந்த மச்சாளும் நானும் ஒரே வயது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எங்களுக்கு ஏழு வயது. நான் அப்பாவின் சைக்கிள் பாரில், துவாயைச் சுற்றிக் கட்டிய இடத்தில் இருந்தேன். அவ மாமாவின் கரியரில், அரிசி மூட்டைக்கு மேலே. மழையும் இருட்டுமாக நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. சாவகச்சேரியில் சில மாதம் இருந்தோம். 1996 சித்திரையில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். மாமா குடும்பம் அதற்கு முன்னரே கிளாலியால் வன்னிக்குப் போய்விட்டது. கிளாலிப் படகில் ஆட்களோடு சைக்கிளும் ஏறும். இருட்டில், லைற் இல்லாமல், எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாமல் கடந்த நீரேரி அது. அதில் உயிர்விட்டவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். மாமா தன் பழைய ரலி சைக்கிளைப் படகின் விளிம்பில் கட்டிவிட்டு, அது விழாமல் கையால் பிடித்துக்கொண்டே போனாராம்.

எங்கள் சனிக்கிழமைப் பெண்கள் குழுவில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரே சிரிப்பு. "பிளேனிலை சைக்கிளை எங்கை கட்டுறது? மேலையோ?" என்று ஒரு அக்கா கேட்டா. மச்சாள் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் அவர்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சைக்கிள் கடைகளுக்குப் புதுச் சைக்கிள் வரும் மட்டைப்பெட்டி ஒன்றை முதலில் வாங்க வேண்டும். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். முன்சில்லைக் கழற்றி அச்சின் பக்கத்தில் கட்டுகிறார்கள். சில்லுக் கழன்ற கவை நசியாமல் இடையில் ஒரு கட்டையைக் கொடுக்கிறார்கள். ஹாண்டிலைத் திருப்பிப் பாரோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பெடலையும் கழற்றிப் பையில் போட்டு, செயினைத் துணியால் சுற்றுகிறார்கள். ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி விமானக்காரர் கேட்பார்கள். சாமான் அறையிலும் காற்றழுத்தம் பேணப்படுவதால் ரயர் வெடிக்காது, ஆனாலும் அது வழக்கமாகிவிட்டது. ரிக்கற் எடுக்கும்போதே சைக்கிள் வருகிறது என்று சொல்லிவைக்க வேண்டும். பல நிறுவனங்களில் 23 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. 32 கிலோவைத் தாண்டினால் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார்கள். ஸ்பனர் முதலிய ஆயுதங்கள் கைப்பையில் இருக்கக்கூடாது, பெட்டிக்குள் போக வேண்டும்.

பற்றறியில் ஓடும் சைக்கிள் என்றால் கதை வேறு. அதிலிருக்கும் பெரிய லிதியம் பற்றறி தீப்பற்றலாம் என்பதால் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இதைச் சொன்னவுடன் ஒரு அம்மா, "பற்றறி விடமாட்டினமோ? எங்களுக்கும் விடேல்லைத்தானே" என்றா. குழு முழுவதும் சிரித்தது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ரோர்ச் பற்றறிக்குக்கூடத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் அல்லவா நாங்கள்!

அப்போது பேசாமல் இருந்தது ஒரு அக்கா மட்டும்தான். அவவின் கணவர் வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 2009 வைகாசிக்குப் பிறகு அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. கடைசியில் வட்டுவாகல் பாலத்துக்கு இங்காலே வரும்போது, பிள்ளையைத் தூக்குவதா சைக்கிளை உருட்டுவதா என்ற நிலையில், சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தவ. அங்கே குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அதுவும் ஒன்று. கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது அவ என்னிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டா. "திரும்பிப் போகேக்கையும் அவை சைக்கிளைக் கொண்டு போவினமோ?"

ஓம் என்றேன். அவ தலையாட்டினா. வேறொன்றும் கேட்கவில்லை.

மச்சாளும் மகளும் ஆடி நடுப்பகுதியில் வந்து இறங்கினார்கள். ஒரு பெட்டியின் மூலை நசுங்கி மட்கார்ட் வளைந்து போயிருந்ததாம், அதைத் தவிர வேறு சேதம் இல்லை. "பலாலியிலை இறங்கியிருந்தால் இஞ்சை பக்கத்திலைதானே" என்று அம்மா பிறகு கேட்டா. பலாலி விமான நிலையம் 2019 ஐப்பசியில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், சென்னைக்கு ஓடிய விமானம் 2020இல் நின்று 2022 மார்கழியில் மறுபடி தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் வருவது எழுபது பேரளவில் ஏறும் சின்ன விமானம். இவ்வளவு நீளப் பெட்டி இரண்டுக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அதைவிட மச்சாளுக்கு அந்த வழி வேண்டியிருந்தது: சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், பூநகரி. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிட்டுப் பத்து மணிக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுவார்களாம். சோளகக் காற்று முதுகில் தள்ளியதால் மன்னாருக்குப் பிறகு களைப்பே தெரியவில்லை என்றா மகள்.

எட்டாம் நாள் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு வந்தார்கள். 2011 தையில் திறந்த பாலம் அது. மாமா சைக்கிளைக் கையில் பிடித்தபடி இரவில் கடந்த அதே நீரேரி. நடுப்பாலத்தில் மச்சாள் இறங்கி நின்று, நோர்வேயில் இருக்கும் தகப்பனுக்கு வீடியோ கோல் எடுத்தாவாம். மாமாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தண்ணீரைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிளை ஸ்ராண்டிலையோ விட்டிருக்கிறாய்? காத்துக்கு விழப்போகுது, பிடி!"

அங்கிருந்து கேரதீவு, நாவற்குழி, செம்மணி வெளி, கோப்பாய் என்று பின்னேரம் எங்கள் வாழைத்தோட்ட ஒழுங்கைக்குள் இரண்டு பேரும் வந்து நின்றபோது, முகமெல்லாம் கருகி, செம்மண் புழுதி. அம்மா அழுதுகொண்டே ஏசினா.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வசதி இருக்கிறது, ஓடுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, மச்சாள் கொண்டுவந்த ஒரு புத்தகத்தால் டேர்வ்லா மேர்பி என்ற ஐரிஷ் பெண்ணைப் பற்றி அறிந்தேன். 1931இல் பிறந்தவ. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் உலகப்படப் புத்தகமும் கிடைத்தபோது, ஒரு நாள் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று முடிவெடுத்தவ. ஆனால் தாய்க்கு மூட்டுவாத நோய், எழும்ப முடியாது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தாயைப் பராமரிக்கத் தொடங்கினா. தாய் 1962இல் இறந்தா. 1963 தையில், கடும் பனியில், முப்பத்தொரு வயதில் வெளிக்கிட்டு, தனியாக டில்லி வரை ஓடி வந்தா. வந்து, திபெத்திய அகதிப் பிள்ளைகளுக்கு வேலை செய்தா. 2022இல் தொண்ணூறு வயதில் காலமானா. பதினாறு வருடமளவில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் மனதில் ஒரு றோட்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் குழுவில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கும் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இந்தக் கதையை அவர்கள் கேட்ட விதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அக்கரையில் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓடவும் பழக்கினார்கள். ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்த காலம். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை ஏற்றலாம் என்று சிலர் அதையே விரும்பினார்களாம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினமில்லை. நானே நீர்வேலியிலிருந்து திருநெல்வேலிக்குப் பல்கலைக்கழகம் போனது லுமாலா சைக்கிளில்தான். ஆனால் நாங்கள் எதற்காக ஓடினோம்? பள்ளிக்கூடம், சந்தை, விறகு, தண்ணீர், முகாம் வாசல், கச்சேரி. சும்மா ஓடினோமா?

என் தொழிலிலும் இதே பிழை இருக்கிறது. போர் முடிந்த பிறகு எத்தனையோ பெண்களுக்குச் சைக்கிள் பெற்றுக்கொடுக்கப் படிவம் நிரப்பியிருக்கிறேன். "பயன்பாடு" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் "வாழ்வாதாரம்" என்றே எழுதினேன். சமூகவியல் படித்த எனக்கு, அந்தப் பெண் ஒரு பின்னேரம் கடற்கரை பார்க்கப் போகலாம் என்று ஒரு தடவைகூட எழுதத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் சைக்கிள் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆவணி நடுவில் அவர்கள் திரும்பும் நாள் வந்தது. பெட்டிக்காக யாழ்ப்பாணப் பட்டினத்தில் இரண்டு சைக்கிள் கடை ஏறி இறங்கினோம். இந்தத் தடவை கொழும்புக்கு றெயில். எங்கள் முற்றத்தில் சாமான் கழற்றத் தொடங்கியபோது குழுப் பெண்கள் ஆறேழு பேர் வந்து சுற்றி நின்றார்கள். மச்சாள் ஒரு பெடலைக் கழற்றிவிட்டா, மற்றது அசையவில்லை. மகளும் முயன்றா. அப்போது அந்த அக்கா, வட்டுவாகலில் சைக்கிளை விட்டுவந்த அக்கா, முன்னால் வந்து ஸ்பனரை வாங்கினா. "இடப்பக்கப் பெடல் மறுபக்கம் சுத்தினால்தான் கழரும் பிள்ளை. மரை அப்பிடித்தான் வெட்டியிருக்கும்" என்றா. ஒரு தட்டு, ஒரு அழுத்து. கழன்றது. பிறகு இரண்டு சைக்கிளையும் அவதான் பெட்டிக்குள் வைத்தா. கவைக்குக் கட்டை கொடுத்தது, செயினைச் சுற்றியது, எல்லாம் அவவின் கை. நாங்கள் ரேப் ஒட்டினோம்.

அன்று பின்னேரம்தான் அவ கேட்டா: "தங்கச்சி, நாங்களும் ஒருநாள் பருத்தித்துறைக்குப் போய் வருவமோ? சைக்கிளிலை. சும்மா."

புரட்டாதிப் பூரணை விடுமுறை என்று நாள் வைத்திருக்கிறோம். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, புத்தூர், வல்லைவெளி, நெல்லியடி, பருத்தித்துறை. போகும்போது வல்லைக் காற்று தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும், ஆகையால் திரும்பும் வழியில் நெல்லியடியில் நீண்ட ஓய்வு. இதுவரை ஒன்பது பேர் பெயர் தந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குச் சைக்கிள் இல்லை, ஒருவர் மகனின் சைக்கிளைக் கேட்டிருக்கிறா. ஒட்டுப் போடும் சாமான் அந்த அக்காவின் பொறுப்பு. ஆனால் அவவின் மாமியார் சம்மதிக்கவில்லை. "புருஷன் எங்கையெண்டு தெரியாமல் நீ உலாத்தப் போறியோ" என்று கேட்டிருக்கிறா. அந்தத் தாயும் பதினைந்து வருடத்துக்கு மேலாக மகனின் படத்தோடு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவ. அவவின் கேள்வியைப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். மாமியாருக்கு வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன். என்ன சொல்லிக் கதையைத் தொடங்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.