மஜ்ஜை மாற்று சிகிச்சை: இடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

அரிவாள் செல் ரத்தசோகை பழங்குடியினரை மட்டுமின்றி, விதர்பாவின் தலித் மக்களையும் வதைக்கும் நோய். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கம் பரிசோதனை செய்து அட்டை வழங்குகிறது. அட்டை கிடைத்த குழந்தைக்கு அடுத்து என்ன என்பதே நமது கேள்வி.

நோயை வேரறுக்க இன்று இங்குள்ள வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இது கத்தி வைக்கும் அறுவை அன்று. கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்து, கொடையாளரின் குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோல் செலுத்துகிறார்கள். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தாவிடில் பெற்றோரின் பாதிப் பொருத்தம், அல்லது கொடையாளர் பதிவேடு. திசுப்பொருத்தம் பெரிதும் வம்சாவளியைச் சார்ந்தது. அகமணமே சாதியின் சாரம் என 1916இல் அம்பேத்கர் நிறுவினார்; நம் மாணவர்கள் பதிவு செய்யாத பதிவேட்டில் நம் குழந்தைக்குக் கொடையாளர் கிடைப்பதும் அரிதாகிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் இச்சிகிச்சையை அளித்துவருகிறது. எங்கு சென்றாலும் கேட்கவேண்டியது இதுதான்: இதே நோய்க்கு, இதே வயதில், இதே வகைக் கொடையாளருடன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் நோயின்றி வாழ்கிறார்கள்? ரத்தப் புற்றுநோயின் கணக்கைக் காட்டினால் (காட்டுவார்கள்) ஏற்க வேண்டியதில்லை. தொற்று வந்தால் கூடும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் பெறவேண்டும்.

செலவைத் திட்டங்கள் ஓரளவு ஏற்கலாம். சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 100 நாட்கள் மருத்துவமனை அருகிலேயே தங்கவேண்டுமே, கூலி இழந்த பெற்றோருக்குச் சாதி கேட்காத வாடகை வீட்டை யார் தருவார்? தங்குமிடத்தையும் கூலி இழப்பீட்டையும் ஒழிப்பு இயக்கத்தின் செலவிலேயே சேர்க்கவேண்டும் எனக் கோருகிறோம்.