சட்டைக் கையும் மடித்துக் கட்டிய வேட்டியும்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் எதிரே ஐந்து நிமிடம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். சாலை பஜாரில் மூட்டை இறக்கிவிட்டு வரும் நம்மவர், வேட்டியை மடித்துக் கட்டியபடியே தெருவைக் கடக்கிறார். சன்னதிக்கு நேரே வந்ததும் கை தானாக மடிப்பை அவிழ்த்து விடுகிறது. மடித்துக் கட்டினால் சகஜம்; இறக்கிவிட்டால் மரியாதை. இது யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

ஆங்கிலேயருக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. 'ஷர்ட் ஸ்லீவ்ஸில் இருப்பது' என்பார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு, சம்பிரதாயம் பாராமல் இருப்பது என்று பொருள். நமக்கோ சட்டை போட்டாலே ஆபீசுக்குப் புறப்பட்டதாக அர்த்தம்! ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டை ஏறக்குறைய உள்ளாடைக்குச் சமம். பெண்கள் இருக்கும் அறையில் ஒரு கனவான் கோட்டைக் கழற்றுவது மரியாதைக் குறைவு. வெறும் சட்டை உழைப்பாளியின் கோலமாகவே கருதப்பட்டது.

அமெரிக்கர்கள் அதையே பெருமையாக்கிக் கொண்டார்கள். சுற்றி வளைக்காமல் நேரடியாகப் பேசும் ராஜதந்திரத்துக்கு 'ஷர்ட் ஸ்லீவ் டிப்ளமஸி' என்று பெயர் வந்தது. 2013 ஜூனில் ஒபாமாவும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கலிபோர்னியாவில் டை கட்டாமல் சந்தித்தபோது, பத்திரிகைகள் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருமே கோட்டுக்குச் சொந்தக்காரர்கள். நினைத்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இருந்ததா?

இதே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் தோள்சீலை உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். மார்பை மறைத்துக்கொள்ள 1859-ல்தான் அரச பிரகடனம் அனுமதி தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! தமிழ்நாட்டுக் கிராமங்களில் பண்ணையார் எதிரே வந்தால் கூலிக்காரரின் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிய காலமும் உண்டு. விரும்பிக் கழற்றினால் சகஜம். கழற்ற வைத்தால் அது அடிமைத்தனம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர், "நமக்குள் பார்மாலிட்டி எதற்கு?" என்பார். அவர் எங்களை 'எடா' என்பார். நாங்கள் அவரை 'சார்' என்போம். சம்பிரதாயம் ஒரு பக்கம் மட்டும்தான் கழன்றிருந்தது!

உண்மையான சகஜம் மேலிருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். பாலக்காடு மாவட்டம் மாத்தூர் ஊராட்சி 2021-ல் அதற்கு வழி காட்டியது. தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்ற அழைப்புகளை விலக்கித் தீர்மானம் போட்டது. ஊழியரைப் பெயர் சொல்லியோ பதவியைச் சொல்லியோ அழைக்கலாம் என்றது. இதனால் மரியாதை குறைந்துவிடாது, பயம்தான் குறையும்.

பிள்ளையார் முன் வேட்டியை இறக்குவோம், அது பக்தி. கவுண்டர் முன் அந்த நடுக்கம் வேண்டாம். கவுண்டருக்கு உட்புறம் அமர்ந்திருக்கும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளியே நிற்பவர் அவசரமாக வேட்டியை இறக்கும்போது, "பரவாயில்லை அண்ணாச்சி, உட்காருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கோட்டைக் கழற்றுவதென்றால் அதுதான்.