நெருப்பிலே யாவர்க்கும் பங்கு

ஆட்டையாம்பட்டி என்றதுமே சேலம், நாமக்கல் வட்டாரத்து மக்களின் நினைவில் எழுவது கைமுறுக்கு. அச்சில் இட்டுப் பிழியாமல், பிசைந்த மாவை விரல்களாலேயே திரித்துச் சுற்றும் மாதரின் கைத்திறன் அதில் பாதி. மறுபாதி, எண்ணெய்ச் சட்டியின் கீழே சீராக எரிய வேண்டிய நெருப்பு. விறகாயினும் வாயு உருளையாயினும் அந்நெருப்புக்கு விலையுண்டு. அரிசி அரைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும்; சரக்கு ஏற்றிவரும் வண்டிக்கு டீசல் வேண்டும். எண்ணெயைக்கூட எரிபொருளின் விலையிலிருந்து பிரிக்க இயலாது. பாமாயிலை மிகுதியாக விளைவிக்கும் இந்தோனேசியா அதில் ஒரு பங்கை டீசலுடன் கலந்து வாகனங்களில் எரிக்கிறது. ஆதலால் பெட்ரோலியம் உலகச் சந்தையில் ஏறும்போது பலகாரச் சட்டியில் ஊற்றும் எண்ணெயும் உடன் ஏறுகிறது.

இவை யாவும் உயர்கையில் முறுக்கின் விலையும் உயர்வது இயல்பே. கடைசியில் உயர்வது எதுவென்றால், அதைச் சுற்றிய கையின் கூலி. அக்கூலியில் வாழ்பவளின் வீட்டிலும் ஓர் அடுப்பு எரிகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இஸ்லாம் நெருப்பை வெறும் வணிகச் சரக்காகக் கருதவில்லை. திருமறையின் ஐம்பத்தாறாவது அத்தியாயமான அல்வாகிஆவில், மனிதன் மூட்டும் நெருப்பைச் சுட்டிக்காட்டி, அதற்குரிய மரத்தை உண்டாக்கியவர் யார் என்று இறைவன் வினவுகிறான். அந்நெருப்பு எவர்க்குப் பயன் என அவன் கூறும் சொல்லுக்கு, வழிப்போக்கர் என்றும் பசித்திருப்போர் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கண்டுள்ளனர். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் அனைவரும் கூட்டாளிகள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருவாக்கு. அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் தோழர், யமன் நாட்டு மஃரிபிலிருந்த உப்புச் சுரங்கத்தைத் தமக்கு அளிக்குமாறு வேண்ட, பெருமானார் (ஸல்) அவர்களும் அளித்தார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்றது, எவரும் சென்று எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடியது என்று உடனிருந்த ஒருவர் எடுத்துரைத்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, ஹிஜ்ரி 620இல் மறைந்த இமாம் இப்னு குதாமா தமது ‘அல்முக்னீ’யில், தனியொருவர் உடைமையாக்கிக்கொள்ளக் கூடாதவற்றை வரிசைப்படுத்துகையில் உப்பு, கந்தகம் ஆகியவற்றோடு ‘நஃப்த்’ என்னும் நிலவெண்ணெயையும் சேர்த்துள்ளார். பெட்ரோல் வண்டி தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது அது!

அப்படியாயின் எரிபொருளுக்கு விலையே கூடாதா? தோண்டுவோர்க்கும் சுத்திகரிப்போர்க்கும் சுமந்து வருவோர்க்கும் கூலி உண்டு. அதை மறுப்பார் இல்லை. ஆனால் கூட்டாளி என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமாயின், சுமை ஏறும்போது எல்லாத் தோளிலும் ஏற வேண்டும்; இளைத்த தோளில் மட்டும் இறக்கி வைத்தல் ஆகாது.

நடைமுறையைப் பார்ப்போம். தமிழகத்தில் 2014 இறுதிக்குப் பின் உயராதிருந்த மின்கட்டணம் 2022 செப்டம்பரில் ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஜூலை மாதந்தோறும் மீண்டும் ஏறியது. 2023லும் 2025லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 யூனிட்டாக்கப்பட்டது. இவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் 2025இன் முற்பகுதியில் கோவை, திருப்பூர் வட்டார விசைத்தறியாளர் ஏறத்தாழ ஒரு மாத காலம் தறிகளை நிறுத்தி வைத்தனரே, எதற்காக? செலவெல்லாம் ஏறியும் ஏறாதிருந்த நெசவுக் கூலிக்காக. சேலத்துத் தறிக்கூடங்களை அறிந்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

வணிகப் பெருமக்களுள் சிலர், விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்ற ஹதீஸை எடுத்துக்காட்டுவர். மெய்தான். ஆனால் ஒருவருடைய பொருளிலோ உயிரிலோ அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். பொருள் அருகியதால் ஏறும் விலை வேறு, வணிகர் கூடிச் சூழ்ந்து ஏற்றும் விலை வேறு. பின்னதில் ஆட்சியாளர் தலையிடலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா தமது ‘அல்ஹிஸ்பா’வில் தெளிவுறுத்தினார். சென்னையில் வீட்டு வாயு உருளை 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக ஏறியது. ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், அடுத்த மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. அது ஏறியதைக் காரணம் காட்டி விலை கூட்டியவர்களில் எத்தனை பேர், அது இறங்கியதைக் காரணம் காட்டிக் குறைத்தார்கள்? விலையை ஏற்றாமலே பொட்டலத்தில் இரண்டு முறுக்கைக் குறைத்து, வாங்குபவர் அறியாவண்ணம் விற்போரும் உளர். அவர்கள் அளவில் மோசடி செய்வோரைப் பற்றிய ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். 1973 அக்டோபர்ப் போருக்குப் பின் சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அதை உயர்த்தியவர்களில் முஸ்லிம் நாடுகளே முன்னின்றன. அச்செல்வம் கட்டிய நகரங்களில் வேலை தேடிச் சென்ற நம்மவர் பலர். ஒரே விலையேற்றம் சபுராளியின் வீட்டுக்குப் பணம் கொணர்ந்தது. அடுத்த வீட்டு விதவையின் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தது. எண்ணெயால் வந்த செழிப்பை இறையருள் என்று கொண்டாடிய நாம், அதன் மறுபக்கத்தைப் பற்றி ஒரு ஜும்ஆவிலேனும் பேசினோமா?

பெருமானாரின் இல்லங்களில் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப்படாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாயிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஏழைக்குப் பொறுமை போதிக்கவே இந்த ஹதீஸை நாம் பெரிதும் பயன்படுத்துகிறோம். என் எளிய கருத்தில், இது வசதியுள்ளவர் கேட்க வேண்டிய செய்தி. நிக்காஹ் வீட்டின் முன்னே தெருவின் நீளத்துக்கு மின்விளக்குச் சரம். மீலாது மேடையில் விடிய விடிய ஒளிவெள்ளம். அதே மஹல்லாவில் உருளை தீர்ந்து, அடுத்த கூலிநாள்வரை சுள்ளி பொறுக்கும் தாய். வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மனனம் செய்துள்ளோம். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

நம் வட்டாரத்து ஜமாஅத்துகள் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. திருமண விளக்கு அலங்காரத்துக்கு ஓர் இரவு என்று வரம்பு வைத்து, மிஞ்சும் தொகையை விரும்பிய குடும்பத்தார் பைத்துல்மாலுக்கு அளிக்கலாம். அதிலிருந்து ஆதரவற்றோர் வீடுகளுக்கு உருளையும் மின்கட்டணமும் பெயர் வெளியிடாமல் செலுத்தலாம். பலகாரக் கடையோ தறிக்கூடமோ வைத்திருக்கும் நம்மவர், இனி எரிபொருளுக்காக விலையை உயர்த்தும் நாளிலேயே கூலியையும் உயர்த்துவதாக உறுதி கொள்ளலாம். வருகின்ற ஜும்ஆவில் தொழுகை முடிந்ததும் நிர்வாகிகள் கால்மணி நேரம் அமர்ந்து இதைப் பேசித் தீர்மானிக்கட்டும்.