‘பால் பத்தலை’ என்று சொல்வதற்கு முன் நனைந்த துணியை எண்ணுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பிரசவத்துக்கு மகளோ மருமகளோ வந்திருக்கும் வீட்டில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வார்த்தையைச் சர்வசாதாரணமாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். “என்னம்மா, குழந்தை வத்தலா இருக்கு? பால் பத்தலை போலிருக்கே!” சொன்னவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பெற்றவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். மறுநாள் வீட்டில் பால்பவுடர் டின் வந்து இறங்கும்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் போதுமா, போதாதா என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை. அதற்கு இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று துணிக் கணக்கு, இன்னொன்று எடைக் கணக்கு. 34 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் சொல்லவில்லை. மருத்துவர்களும் நர்ஸுகளும் பார்ப்பதும் இதைத்தான்.

முதலில் துணிக் கணக்கு. பிறந்த முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை, மூன்றாம் நாள் மூன்று தடவை சிறுநீர் போனாலே போதும். சீம்பால் அளவில் கொஞ்சம்தான் சுரக்கும். குழந்தையின் வயிறும் அப்போது அவ்வளவுதான். ஐந்தாறு நாள் ஆனபிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவையாவது துணி நன்றாக நனைய வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். மலம் முதலில் கறுப்பாக, தார் மாதிரி இருக்கும். அப்புறம் பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மலம் போவது நல்ல அடையாளம். சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலமே போகாமல் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போய், குழந்தையும் நன்றாகக் குடித்து விளையாடினால் பயப்பட வேண்டாம்.

பழைய வேட்டித் துணி கட்டிய காலத்தில் இந்தக் கணக்கு தானாகவே தெரிந்தது. கொடியில் காயும் துணியை எண்ணினால் போதும். இப்போதைய டயபர் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுகிறது. நாலு தடவை போனதா, ஒரு தடவை போனதா என்று தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் பருத்தித் துணி கட்டிப் பாருங்கள். டயபர்தான் என்றால், காய்ந்த டயபரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்த டயபர் ஏறக்குறைய அந்தக் கனம் இருக்கும்.

அடுத்து எடை. பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறையும். இது இயற்கை. பிறந்த எடையில் நூற்றுக்கு 7 பங்குவரை குறைவது சாதாரணம். 10 பங்கை நெருங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அதன்பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும்.

என் மகள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். குழந்தை பிறந்தபோது 2 கிலோ 800. நாலாம் நாள் 2 கிலோ 600. பன்னிரண்டாம் நாள் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் மேலே சொன்ன அதே வசனத்தைச் சொன்னார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். துணிக் கணக்கு எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தோம். தினமும் எட்டு, ஒன்பது. மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டால் 2 கிலோ 870. ஒன்பது நாளில் 270 கிராம், நாளுக்கு 30. இந்தக் குழந்தைக்கா பால் பத்தலை?

இன்னொன்று. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறும். அப்புறம் பவுடர் பால் குடிக்கும் குழந்தையைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறும். அந்தக் காலத்து வளர்ச்சி அட்டவணைகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டவை. அதனால் நல்ல குழந்தையும் அதில் பின்தங்கியதுபோலத் தெரியும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் புதிய அட்டவணை வெளியிட்டது. அதில் இருக்கும் கோடுகள் பரீட்சை மார்க் அல்ல. கீழ்க்கோட்டில் போகும் குழந்தை ஃபெயிலும் இல்லை, மேல்கோட்டில் போவது ஃபர்ஸ்ட் ராங்க்கும் இல்லை. தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டு போகிறதா என்பதுதான் கேள்வி.

‘சும்மா ஒரு புட்டி கொடுத்தால் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும். சுரப்பு குறையும். அப்புறம் ‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்பார்கள். பவுடர் டின்னுக்கும் புட்டிக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. விளம்பரக்காரன் செய்யக் கூடாததை நாம் திண்ணையில் உட்கார்ந்து இலவசமாகச் செய்கிறோம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை வெயில் காலத்தில்கூடத் தண்ணீர் தேவையில்லை. பத்தியம் என்று சொல்லிப் பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘தாய்ப்பால்தான் கொடுக்கிறோமே’ என்று கணக்கையே பார்க்காமல் இருப்பதும் ஆபத்து. “எங்க பிள்ளை ரொம்ப சமத்து, அழவே அழாது, தூங்கிக்கிட்டே இருக்கும்” என்று பெருமைப்படுவார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தை, பாலுக்குக்கூட எழாமல் தூங்கினால் அது சமத்து இல்லை. குடிக்கத் தெம்பில்லாமலும் இருக்கலாம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவையாவது பால் குடிக்க வேண்டும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பிறகும் துணி சரியாக நனையவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, வாய் உலர்ந்திருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, மஞ்சள் காமாலை கூடுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்கு வரவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். பலருக்குக் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும். மருத்துவர் பார்த்துப் பவுடர் பால் அவசியம் என்று சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும். அதில் தாய்க்கு எந்தக் குறையும் இல்லை. டின்னில் எழுதியிருக்கும் அளவுப்படியே கலக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எத்தனை தடவை குடித்தது, எத்தனை துணி நனைந்தது என்று முதல் ஒரு மாதம் நீங்கள் எழுதுங்கள். ஒரு அப்பாவுக்கு இது பெரிய வேலை இல்லை. எடையைத் தினமும் போட வேண்டாம், கவலைதான் மிஞ்சும். போடும்போது ஒரே தராசில், துணி இல்லாமல் போடுங்கள். தாய் சேய் நல அட்டையில் குறித்து வையுங்கள்.

பார்க்கப் போகிறவர்களே, பழமோ பூண்டோ வாங்கிக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள். பால் பத்துமா என்பதை நோட்டும் தராசும் சொல்லட்டும்.