போர்டு மோட்டாரை நிறுத்தட்டும், போட வேண்டாம்

பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் கேள்வி இது. பாலிடெக்னிக் படிக்கும் அவருடைய மகன் வைஃபை சிப் வைத்து ஒரு சர்க்யூட் போர்டு செய்திருக்கிறான். மண் காய்ந்தால் போர்வெல் மோட்டாரை அதுவே போடுமாம், ஈரம் போதுமென்றால் அதுவே நிறுத்துமாம். நம்பி மாட்டலாமா என்று கேட்கிறார்.

மாட்டலாம். ஆனால் நிறுத்தும் வேலையை மட்டும் அதனிடம் விடுங்கள். மோட்டாரைப் போடுவது மனிதர் கையிலேயே இருக்கட்டும்.

ஓசூர் வட்டாரத்தில் இப்படியொரு கேள்வி வருவதில் வியப்பில்லை. ஒரு பக்கம் கடிகாரம், இருசக்கர வாகனம், செல்போன் பாகம் என்று தொழிற்சாலைகள். வேலியைத் தாண்டினால் ரோஜாவும் குடைமிளகாயும் தக்காளியும். சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் எந்த உதிரிபாகமும் கிடைக்கும், பேரம் பேச நம்மூர்க்காரர்களுக்குக் கன்னடமும் வரும். பையன்கள் பெரும்பாலும் வாங்குவது ஷாங்காயில் உள்ள எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் சிப்பைத்தான். 2014-ல் இ.எஸ்.பி. 8266, 2016-ல் இ.எஸ்.பி. 32 என்று வந்த பிறகு, கம்ப்யூட்டரும் வைஃபையும் சேர்ந்த ஒரு துண்டு சில நூறு ரூபாய்க்குள் வந்துவிட்டது. போர்டு வரைய கீகேட் என்ற மென்பொருள் இலவசம். ஆக, செய்வது கடினமில்லை. தோட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் சிக்கல்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் நம்முடையது. ஒவ்வொரு முறை வரும்போதும் சிப் முதலிலிருந்து விழித்தெழும். எழுதி வைத்த புரோகிராம் ஓடத் தொடங்குவதற்கு முன், ஒரு கண நேரம் அதன் கால்கள் யார் சொல்லும் கேட்பதில்லை. இ.எஸ்.பி. 32-ல் 14, 15 எண் கால்கள் அந்த நேரத்தில் தாமாகவே சிக்னல் கொடுக்கும். அவற்றில் ரிலேயை மாட்டியிருந்தால் 'டிக்' என்று ஒரு முறை அடிக்கும். ஸ்டார்ட்டருக்கு அந்த ஒரு 'டிக்' போதும், மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். அப்போது போர்வெல் தலையில் ஒருவர் பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தால்? ஸ்டார்ட்டரைத் திறந்து கான்டாக்டைச் சுரண்டிக்கொண்டிருந்தால்?

ரிலேக்கு 25, 26, 27 எண் கால்களைப் பயன்படுத்தலாம். அவையும் அந்தக் கணத்தில் அந்தரத்தில்தான் நிற்கும் என்பதால், காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். 12-ஆம் எண் காலைத் தொடவே வேண்டாம். விழிக்கும் நேரத்தில் அதில் வோல்டேஜ் இருந்தால் சிப் எழுந்திருக்காது.

இன்னொன்று, இதைப் பையன்கள் கவனிப்பதே இல்லை. கடையில் கிடைக்கும் சிறிய நீல ரிலே 250 வோல்ட் வரைதான் தாங்கும். நம் மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் 415 வோல்ட். அந்த ரிலேயை அங்கே மாட்டினால் தீப்பொறி பறந்து கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எந்த புரோகிராமாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. எனவே 415 வோல்ட் ஒயர் போர்டுக்குள் வரவே கூடாது. போர்டிலிருந்து வெளியே போவது 12 வோல்ட்டாக இருக்கட்டும். அது 415 வோல்ட்டுக்கு ஏற்ற துணை கான்டாக்டர் ஒன்றை இயக்கட்டும். அதன் என்.சி. முனைகளை ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டன் ஒயரோடு சீரிஸாக இணைக்க வேண்டும். இந்த இணைப்பை உரிமம் பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும், மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும்.

இப்படி இணைத்தால் போர்டு தவறாக 'டிக்' அடித்தாலும் மோட்டார் நிற்குமே தவிர ஓடாது. போர்டு கெட்டுப்போனால் பழையபடி பச்சை, சிவப்புப் பட்டன்களில் வேலை நடக்கும். ஓவர்லோடு ரிலே, பிரிவென்டர் இரண்டும் அப்படியே இருக்கட்டும், போர்டு அவற்றுக்கு மாற்று அல்ல. ஆட்டோ ஸ்விட்ச் இருந்தால் மட்டும் அதை மேனுவலில் வையுங்கள். இல்லாவிட்டால் போர்டு நிறுத்தியதை அது மறுபடி போட்டுவிடும்.

மேசைமேல் ஓடிய போர்டு தோட்டத்தில் தானாக அணைந்து அணைந்து எழுந்தால், சிப்பைக் குறை சொல்ல வேண்டாம். வைஃபை அனுப்பும் நொடியில் அதற்கு 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வேண்டும், பக்கத்திலேயே கெப்பாசிட்டரும் வேண்டும். மாட்யூலின் ஆன்டெனா முனை போர்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதன் அடியில் இரு பக்கமும் செம்பு இருக்கக் கூடாது. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் செத்துவிடும். பக்கத்தில் தனி பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள்.

மண் ஈர சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள கால்களில் மாட்ட வேண்டும். 25, 26, 27 போன்ற மற்ற அனலாக் கால்கள் வைஃபை ஓடும்போது அளவு காட்டாது. இரண்டு பல் கொண்ட மலிவு சென்சார் வேண்டாம், உரநீரில் சீக்கிரமே அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் வகையை வாங்கி, அதன் மேல் முனைக்கும் ஓரங்களுக்கும் எபாக்ஸி பூசுங்கள்.

பசுமைக்குடில் வீட்டிலிருந்து தூரம் என்றால், ஈர இலைகளையும் ஜி.ஐ. பைப்புகளையும் தாண்டி வைஃபை எட்டாது. லோரா மாட்யூல் எட்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, திறன் வரம்புக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அந்த அலைவரிசையைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் காசு கொடுத்துக் கேட்டால் மட்டும் பொறுங்கள். வயர்லெஸ் கருவியை விற்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. ஒப்புதல் தேவை.

மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. மோட்டார் இல்லாமல், ரிலே வேலை செய்தால் எரியும்படி 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து, போர்டின் கரண்டை 50 முறை அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள். சார்ஜரைப் பாதி செருகி, ஆட்டி ஆட்டியும் பார்க்கட்டும். ஒரே ஒரு முறை பல்பு மின்னினாலும் போர்டு மேசைக்கே திரும்பிப் போகட்டும்.